படகின் அடியில் சேரும் நீர்

கேள்வி: ஐயா, எங்களுடையது வலங்கைமானில் நெல் சாகுபடி செய்யும் குடும்பம். முத்துப்பேட்டையில் மீன்பிடித் தொழில் செய்யும் நண்பர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, 24 அடி நீளமுள்ள பழைய பைபர் படகு ஒன்றை வாங்கினோம். அடியில் தேங்கும் நீரை வெளியேற்றுவதற்காக 12 வோல்ட் பில்ஜ் பம்பு ஒன்று அதில் பொருத்தப்பட்டிருக்கிறது. அது இப்போது உறுமுகிறதே தவிர நீரைத் தள்ளுவதில்லை. சில இரவுகளில் ஆளில்லாதபோது விட்டுவிட்டு ஓடிப் பாட்டரியைக் காலி செய்துவிடுகிறது. பெரிய பம்பாக மாற்றிவிடுங்கள் என்கிறார் மெக்கானிக். நாங்கள் வயல் எஞ்சின் பம்பைக் கழற்றிப் பூட்டிப் பழகியவர்கள். இதில் எங்கே கை வைப்பது?
— வாசகர், வலங்கைமான்

பதில்: வயல் பம்பைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த தங்களுக்குப் படகுப் பம்பின் தத்துவம் புதிதன்று. இரண்டிலும் சுழலும் இம்பெல்லர் ஒன்றே நீரை நடுவில் வாங்கி, விளிம்பை நோக்கி வீசி, அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றிக் குழாய்க்குள் செலுத்துகிறது. பேதம் ஓரிடத்தில்தான். குடமுருட்டிக் கரையில் நிற்கும் பம்பு கீழே கிடக்கும் நீரை உறிஞ்ச வேண்டியிருப்பதால், அதற்குப் புட் வால்வும், சாணி கரைத்த நீரை ஊற்றிக் காற்றை எடுக்கும் பிரயாசையும் அவசியமாகின்றன. படகுப் பம்போ நீரிலேயே மூழ்கிக் கிடப்பதால் உறிஞ்சும் வேலை அதற்கு இல்லை. ஆயினும் காற்று அதற்கும் சத்துருவே. வெளியேற்றும் குழாய் நடுவில் எங்கேனும் தொய்ந்து தாழ்ந்திருந்தால், அந்தத் தாழ்வில் நின்ற பழைய நீர் முன்னால் அடைத்துக்கொள்ள, பம்பின் தலையில் சிக்கிய காற்று வெளியேற வழியின்றி நிற்க, இம்பெல்லர் காற்றிலேயே சுழன்று உறுமிக்கொண்டிருக்கும்.

ஆகையால் முதற் பரீட்சையாக, பம்பை அதன் அடித்தட்டிலிருந்து கழற்றி, குழாயையும் எடுத்துவிட்டு, ஒரு வாளி நீரில் மூழ்க வைத்து ஓட்டிப் பாருங்கள். நீர் வலுவாகப் பீறிட்டால் பம்பு நிரபராதி. குற்றம் குழாயிலோ, அதில் யாரேனும் சேர்த்திருக்கும் ஒருவழி வால்விலோ இருக்கிறது. குழாய் தொய்வில்லாமல் ஒரே ஏற்றமாக மேலேறும்படி மாற்றிக் கட்டுங்கள். வாளியிலும் நீர் பீறிடாவிட்டால் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். அறுந்த வலையின் நைலான் இழை இம்பெல்லரின் தண்டைச் சுற்றிக்கொண்டிருப்பதும், இறாலின் ஓடும், அலையாத்தி இலையின் மக்கலும் வாயை அடைத்திருப்பதும் முத்துப்பேட்டைப் படகில் எதிர்பார்க்க வேண்டியவையே. இன்னொரு காரணமும் உண்டு: பழுது பார்த்தவர் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்திருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், ஓசை குறையாது, நீர் மட்டும் மெலிந்துபோகும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் பம்பு சோர்ந்து ஓடினால், மோட்டாரைச் சந்தேகிக்குமுன் கம்பி இணைப்புகளைச் சோதியுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பொன்றைப் பிரித்துப் பாருங்கள்; உப்பு நீர் ஏறிய செம்பு பச்சைக் களிம்பு பூத்து, விரல் பட்டவுடன் பொடியாக உதிரும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரைப் பாட்டரி முனையிலும் பம்பின் முனையிலும் வைத்து அளந்து, அங்கே 12.5 வோல்ட்டும் இங்கே 10 வோல்ட்டுமாக இருந்தால், குறைந்த 2.5 வோல்ட்டும் வழியிலேயே வீணாகிறது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியை வாங்கி, இணைப்பைப் படகின் அடியில் விடாமல் நீர் எட்டாத உயரத்தில் அமைத்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் உறையால் மூடுங்கள். பாட்டரிக்கு அருகிலேயே பியூஸ் ஒன்று இருக்கட்டும்.

இரவில் தானே ஓடுவதற்குக் காரணம் மிதவைச் சுவிட்ச். குப்பை சிக்கி மேலேயே நின்றுவிட்டால் பம்பு ஓயாமல் ஓடும். தங்களுடையது விட்டுவிட்டு ஓடுவதாக எழுதியிருப்பதால், பம்பு நின்றவுடன் குழாயிலிருந்த நீர் திரும்பி வழிந்து மிதவையை மீண்டும் தூக்குகிறது என்று கருதுகிறேன். மிதவையைச் சற்று உயரத்தில் பொருத்தி, குழாயையும் குறுக்குங்கள். ஒருவழி வால்வு போட்டுத் தீர்க்கலாமென்பார்கள். அது ஒருநாள் அடைத்துக்கொண்டால் பம்பு இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பதால் நான் சம்மதிக்கமாட்டேன். ஆனால் இதற்குமுன் வேறொன்றைத் தாங்கள் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும்: அந்த இரவுகளில் படகுக்குள் உண்மையாகவே நீர் வந்துகொண்டிருக்கவில்லையா? அப்படி வந்திருந்தால் பம்பு தன் கடமையைத்தான் செய்திருக்கிறது.

பெரிய பம்பு வாங்கும் யோசனையை நான் ஏற்காததும் இதனாலேயே. பெட்டியில் மணிக்கு 500 காலன் என்று அச்சிட்டிருந்தால், அமெரிக்க அளவில் அது நிமிஷத்துக்குச் சுமார் 31 லிட்டர். அதுவும் நீரைச் சிறிதும் உயர்த்தாமல் தள்ளும்போது கிடைக்கும் கணக்கு. குழாயின் ஏற்றமும், வளைவும், கம்பியின் நஷ்டமும் சேர்ந்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும். நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே ஓரங்குல விட்டமுள்ள துவாரம் விழுந்தாலோ, நிமிஷத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். உடைப்பிலிருந்து படகைக் காப்பது பம்பின் வேலையன்று. கசிவையும், அலைத் தெறிப்பையும், மழையையும் சமாளிப்பதே அதன் வேலை. மழையும் சாமானியமானதன்று: தங்கள் படகின் திறந்த பரப்பு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் என்று கொண்டால், ஐப்பசி அடைமழையில் ஓரிரவில் 10 சென்டிமீட்டர் பெய்தாலே 1,000 லிட்டர், அதாவது ஒரு டன் பாரம், உள்ளே இறங்கிவிடும்.

கட்டுமரத்துக்கு இந்தக் கவலை கிடையாது. மரங்களின் இடுக்கில் ஏறிய நீர் அப்படியே வடிந்துவிடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையெங்கும் பைபர் படகுகள் பெருகியபோது, நீர் இறைக்கும் வேலையும் கூடவே பெருகியது. ஆகவே வந்த நீர் எங்கிருந்து வந்ததென்று விசாரியுங்கள். கோடையில் ஒரு துளியை நாவில் வைத்தால் மழைநீரா, முத்துப்பேட்டைக் காயல் நீரா என்று தெரிந்துவிடும். பாமணியாறும் கோரையாறும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும் மாதங்களிலோ காயலே உப்புக் குறைந்து நிற்பதால் அந்தச் சோதனை பலிக்காது. அப்போது படகைக் கரையேற்றி, உள்ளே நீர் ஊற்றி, வெளியே எங்கே ஈரம் கசிகிறதென்று பார்ப்பதே மார்க்கம். எஞ்சின் பூட்டிய போல்ட்டுகளின் துவாரங்களையும், வடிகால் அடைப்பையும், கரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்த அடிவிளிம்பையும் முதலில் கவனியுங்கள். பம்பின் நீர் வெளியேறும் துவாரத்தையும் மறக்க வேண்டாம். வெறும் படகில் நீருக்கு மேலே தெரியும் அது, வலையும் ஆட்களும் ஏறியபின் நீருக்குள் மூழ்கி, வந்த வழியே காயலை உள்ளே இழுத்துவிடக் கூடும்.

எஞ்சின் எண்ணெய் கலந்த நீரை மட்டும் அலையாத்திக் காட்டு ஓரத்தில் பம்பால் தள்ளாதீர்கள். பழந்துணியால் ஒற்றியெடுத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பழுதெல்லாம் நீங்கியபின், தொழிலுக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும் இரண்டு வாளி நீரைப் படகின் அடியில் ஊற்றி, மிதவை எழுவதையும், பம்பு ஓடி நீரை வெளியேற்றித் தானே நிற்பதையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த வாளியையும் கயிற்றில் கட்டிப் படகிலேயே வைத்திருங்கள்.