குளச்சல் துறைமுகமும் அலையின் கணக்கும்

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூணைப் பார்த்திருப்பீர்கள். 1741-இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரரை இங்கே வென்றது. அவர்களுடைய தளபதி டி லனாய் சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்தார்!

பிற்காலத்தில் கயிறு முதலியன இங்கிருந்து கப்பலேறின. (திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டார், அது தனிக்கதை.) ஆனால் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன; சரக்கு வள்ளங்களில் சென்றது. ஏன்?

கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது. அதனால் அலையின் வேகமும் குறைகிறது. முன்னலை தயங்க, பின்னலை நெருங்குகிறது, அலை உயர்கிறது. ஆழம் அலையின் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறைந்ததும் அலை உடைந்து சரிகிறது. 2 மீட்டர் அலை உடைய 2.6 மீட்டர் ஆழம் போதும். அவ்விடத்தை வள்ளக்காரர்கள் ஒவ்வொரு நடையிலும் கடக்கவேண்டியிருந்தது.

இன்று குளச்சல் ஒரு மீன்பிடித் துறைமுகம். அலைதடுப்புச் சுவர் கட்டினால் உள்ளே நீர் அமைதியாகும். ஆனால் கரையோரமாக நகரும் மணலைச் சுவர் மறிக்கிறதே! மேற்கே தேங்காய்ப்பட்டணத்தில் துறைமுக முகத்துவாரத்திலேயே மணல் சேர்ந்து ஆழம் குறைகிறது. நடுக்கடலில் உடையாத அலை அங்கே உடைகிறது. படகுகள் கவிழ்ந்து மீனவர் பலர் உயிரிழந்திருக்கின்றனர். தூர்வாரினாலும், அடுத்த பருவக்காற்றில் மணல் மீண்டும் வந்துசேர்கிறது.