பைரனுக்குச் சாகாவரம் கொடுக்கும் முன்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தேன். இன்றைய லண்டனில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கும் பெண். இருட்டிய பிறகே அங்கே வரும் வெளிறிய முகக்காரர். 1824-இல் செத்துப்போனதாக உலகம் நம்பிக்கொண்டிருக்கும் கவிஞர் பைரன்தான் அவர் என்று அவள் கண்டுகொள்ளும் இடம் நன்றாக வந்திருக்கிறது. கதை தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் மேற்கொண்டு எழுதுவதற்கு முன், இரத்தக் காட்டேரிக் காதலன் என்கிற இந்த ஆள் எங்கிருந்து வந்தான் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ காதலனாக்கியிருக்கும் இதே உருவம் முதன்முதலில் ஒரு குற்றச்சாட்டாகத்தான் பிறந்தது.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கியது வானமெங்கும் பரவி, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று. அந்த 1816 ஜூனில் பைரன் ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா டியோடாட்டி என்ற வீட்டில் இருந்தார். மனைவி பிரிந்துவிட்டாள். ஊர்ப்பேச்சு தாங்காமல் இங்கிலாந்தை விட்டு வந்திருந்தார். பக்கத்தில் கவிஞர் ஷெல்லி, அவரோடு வாழ்ந்த மேரி, மேரியின் சிற்றன்னை மகள் கிளேர். மழை விடாமல் பெய்ய, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பைரன். மேரி 'ஃபிராங்கன்ஸ்டைன்' தொடங்கியது அப்போதுதான். அது உனக்குத் தெரியும். உன் நாவலுக்கு வேண்டியவர் அந்த வீட்டிலிருந்த ஐந்தாவது ஆள்.

ஜான் பாலிடோரி, பைரனின் சொந்த மருத்துவர். தூக்கத்தில் நடப்பதைப் பற்றி ஆய்வேடு எழுதி, 19 வயதில் எடின்பரோவில் பட்டம் வாங்கியவர். எழுத்தாளராக வேண்டும் என்ற தீராத ஆசை அவருக்கு. பயணத்தை நாட்குறிப்பாக எழுதித் தந்தால் 500 பவுண்டு தருவதாக, பைரனின் பதிப்பாளர் ஜான் மர்ரி சொல்லியிருந்தார். ஜெனீவாவில் அவர் தன் நாடகத்தை வாசித்துக் காட்டியபோது கேட்டவர்கள் எள்ளி நகையாடினார்கள். பைரன் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார். சில மாதங்களில் வேலையும் போயிற்று.

பைரன் ஒரு கதையைத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தார். துருக்கியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் சாகக் கிடக்கும் பிரபு, தன் மரணத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கூட வந்த இளைஞனிடம் சத்தியம் வாங்குகிறான். பாலிடோரி அதை எடுத்துத் தன் கதையாக வளர்த்தார். அவருடைய பிரபு செத்த பிறகு எழுந்து வருகிறான். லண்டன் விருந்துக்கூடங்களில் நடமாடுகிறான். பெண்களின் இரத்தத்தைக் குடிக்கிறான். 'தி வாம்பயர்' 1819 ஏப்ரலில் ஒரு லண்டன் மாத இதழில் வெளியானது, அதுவும் பைரன் எழுதியதாக. பைரன் மறுத்தார், பாலிடோரியும் தன் கதை என்று எழுதிப் பார்த்தார். விற்றதென்னவோ பைரன் பெயரில்தான். அதற்கு முன் ஐரோப்பியக் கிராமத்துக் கதைகளில் இரத்தக் காட்டேரி என்பது ஊதிப்போய், நாற்றமெடுத்து, சொந்தக்காரர் வீட்டுக்கே திரும்பி வரும் பிணம். அதற்கு நல்ல உடையும் பட்டமும் மயக்கும் பேச்சும் கொடுத்தது பாலிடோரியின் கதை. 'டிராகுலா' வந்ததே 1897-இல்தான்.

அந்தப் பிரபுவின் பெயர் ருத்வன். இந்தப் பெயரை பாலிடோரி தானாக யோசிக்கவில்லை. பைரன் காதலித்துக் கைவிட்ட கேரலைன் லாம் என்ற சீமாட்டி, 1816-இல் ஒரு நாவல் எழுதி, பைரனை அதில் ருத்வன் என்ற பெயருள்ள வில்லனாக நடமாடவிட்டிருந்தார். ஆக, இன்று உலகமெங்கும் இளம்பெண்கள் தலையணைக்கடியில் வைத்துப் படிக்கும் அந்த அழியாத காதலனை உருவாக்கியவர்கள், பைரனிடம் மனம் புண்பட்ட இரண்டு பேர். அவர்கள் எழுதியது எச்சரிக்கை.

பாலிடோரியின் கதை முடியும் விதத்தைக் கவனி. சத்தியம் செய்துகொடுத்த இளைஞன் ஆப்ரியின் தங்கையையே ருத்வன் மணக்கப்போகிறான். உண்மை தெரிந்தும் ஆப்ரியால் வாய் திறக்க முடியவில்லை. சொல்ல முடிகிறபோது காலம் கடந்துவிடுகிறது, தங்கை செத்துக் கிடக்கிறாள். எனக்கு இந்தக் கதையில் பயம் தருவது பல் அல்ல, அந்தச் சத்தியம்தான். பெரிய மனிதர் ஒருவரைச் சுற்றியிருப்பவர்கள் எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருப்பதை பாலிடோரி பக்கத்திலிருந்து பார்த்திருந்தார். 1821-இல், 25 வயதில் அவர் இறந்தார்.

உன் நாவலில் பைரன் 200 ஆண்டுகளாகத் தனிமையில் வாடுகிறார், உண்மையான அன்புக்கு ஏங்குகிறார். சரி. ஆனால் அந்த ஜெனீவா வீட்டுக்கு வந்துபோன கிளேர் அப்போது பைரனின் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். 1817 ஜனவரியில் பிறந்த பெண் குழந்தைக்கு அல்லெக்ரா என்று பெயர். மறு ஆண்டே குழந்தை தகப்பனிடம் அனுப்பப்பட்டது. அவர் அவளை இத்தாலியில் பான்யகவால்லோ என்ற ஊரில் கன்னிமாடத்துப் பள்ளியில் சேர்த்தார். மகளைப் பார்க்கவிடும்படி கிளேர் கெஞ்சினாள், பைரன் விடவில்லை. அப்பாவை வரச் சொல்லிக் குழந்தை கடிதம் அனுப்பியது, அவர் போகவில்லை. 1822 ஏப்ரல் 20-ஆம் தேதி அல்லெக்ரா காய்ச்சலில் இறந்தாள். வயது ஐந்து. உடலை இங்கிலாந்துக்கு அனுப்பி, தான் படித்த ஹாரோவில் புதைத்துக் கல்வெட்டு வைக்கச் சொன்னார் பைரன். முறை தவறிப் பிறந்தவள் என்பதால் கல்வெட்டுக்குத் தேவாலயத்தில் அப்போது அனுமதி கிடைக்கவில்லை.

இவரைக் காதலனாக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கிரேக்க விடுதலைப் போருக்குத் தன் சொத்தையும் கடைசியில் உயிரையும் கொடுத்தவரும் இவரேதான். கிரேக்கத்தின் மிசொலோங்கியில் மழையில் குதிரையேறிப் போய் வந்த பின் காய்ச்சல் கண்டது. இரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள் இளம் மருத்துவர்கள் புருனோவும் மில்லிங்கனும். வேண்டாம் என்று பல நாள் மறுத்துப் பார்த்துக் கடைசியில் கையை நீட்டினார். நெற்றிப்பொட்டில் அட்டைகளையும் விட்டார்கள். 1824 ஏப்ரல் 19, வயது 36. பிறர் இரத்தத்தைக் குடிப்பவராகக் கதையில் வந்தவர், இரத்தம் இழந்து செத்தார். இதை உன் கதையில் ஓரிடத்திலும் காணோம். இதைவிட வலுவான காட்சி உனக்கு வேறெங்கே கிடைக்கும்?

எழுதுகிறவர்களுக்கு வரலாறு விட்டுவைத்திருக்கும் இடைவெளிகள் உண்டு, அங்கே நீ தாராளமாகப் புகலாம். பைரன் தன் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதி நண்பர் தாமஸ் மூரிடம் கொடுத்திருந்தார். சாவுச் செய்தி லண்டன் வந்த மூன்றாம் நாள், 1824 மே 17-ஆம் தேதி, ஆல்பெமார்ல் தெருவில் மர்ரியின் வீட்டுக் கணப்பில் அவற்றைக் கிழித்துப் போட்டு எரித்தார்கள் நண்பர்கள். டாம் ஹாலண்ட் 1995-இல் எழுதிய 'தி வாம்பயர்' நாவல் இந்த இடைவெளியில்தான் கால் வைக்கிறது. எரிந்துபோன குறிப்புகளைத் தேடிப் போகும் பெண், சாகாமல் இருக்கும் பைரனையே சந்திக்கிறாள். பைரனின் கல்லறை இன்னொரு வாசல். ஹக்னல் ஊர்த் தேவாலயத்தில் இருக்கும் குடும்பக் கல்லறையை 1938-இல் பாதிரியார் திறந்து பார்த்தபோது, 114 ஆண்டு கழித்தும் முகம் அடையாளம் தெரியும்படி இருந்தது. பக்கத்திலேயே மகள் ஏடா. ஒரு மாதக் குழந்தையாக இருந்தபோது பிரிந்த தகப்பன் அருகில் தன்னைப் புதைக்கும்படி கேட்டுக்கொண்டவள். அவளும் 36 வயதில்தான் இறந்தாள்.

சாகாவரம் நம் கதைகளில் எப்போதும் பரிசு இல்லை என்பதை நீ பாரதத்தில் படித்திருக்கிறாய். அசுவத்தாமனுக்கு அது தண்டனை. உறங்கிய பிள்ளைகளைக் கொன்றவன், ஆறாத புண்ணோடு அலைய வேண்டியவன். பைரனையும் அப்படி நினைத்துப் பார். உன் கதையில் அவர் மிடுக்காக நடந்து வருகிறார், ஆனால் பிறவியிலேயே அவர் வலது காலில் ஊனம். சாகாவரம் அதைக் குணப்படுத்தியதா, இல்லை காலமெல்லாம் நொண்ட வைத்ததா? 'டான் ஜுவான்' காவியத்தை 17-ஆம் காண்டத்தின் தொடக்கத்தில் விட்டுவிட்டுப் போனவர், 200 ஆண்டு கையில் இருந்தும் ஏன் முடிக்கவில்லை? இவற்றுக்கு விடை இல்லாமல் நீ எழுதுகிறவர் பைரன் ஆகமாட்டார்.

மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுது. உன் நூலகப் பெண் படித்தவள், ஏடுகள் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவரிடம் மயங்குவதற்கு முன் அல்லெக்ராவைப் பற்றி அவள் கேட்கட்டும். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எழுதி அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா