வளர்ந்தவருக்கு ஆட்டிசம்: பார்த்துக்கொள்ளலாமா, வேண்டாமா?

நம்பிக்கை: ஆட்டிசம் குழந்தைகளுக்கு உள்ளது. நாற்பது வயதில் அதைத் தேடிப் போவானேன்?

உண்மை: ஆட்டிசம் ஆயுள் முழுக்க இருப்பது. 1943-ல் மனநல மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் இது பரவலாக அறியப்பட்டது. அதில் முதலாவதாக இடம்பெற்ற டொனால்ட் டிரிப்லெட் வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, பல நாடுகளைச் சுற்றி, 2023-ல் 89 வயதில் காலமானார்.

நம் பக்கம் மட்டும் வளர்ந்தவர்கள் ஏன் கண்ணில் படவில்லை? 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில்தான் சேர்ந்தது. எண்பது, தொண்ணூறுகளில் விழுப்புரம் பக்கம் காணையிலும் சுற்றுவட்ட ஊர்களிலும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்குக் கிடைத்த பெயர்கள் வேறு: முசுடு, அழுத்தக்காரன், ஊமைக்கோட்டான். ஒதுங்கி இருப்பவர் எல்லோருக்கும் ஆட்டிசம் இல்லை. ஆனால் இருந்தவர்களும் இந்தப் பெயர்களோடேயே வளர்ந்துவிட்டார்கள்.

நம்பிக்கை: கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, சம்பாதிக்கிறவருக்கு இருக்காது.

உண்மை: இருக்கலாம். பழகிப் பழகி அதை மறைத்துக்கொள்ள முடியும் என்பதை 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடே சொல்கிறது. பெண்களிடம் இது இன்னும் அதிகம். கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் சத்தத்தைப் பல்லைக் கடித்துத் தாங்கி, வந்தவர்களிடம் சிரித்துப் பேசி, வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு மறுநாள் முழுக்க எழ முடியாமல் கிடக்கிற பெண்ணை "அடக்கமான மருமகள்" என்று ஊர் மெச்சுகிறது. அவள் படும் பாட்டை யாரும் கேட்பதில்லை.

நம்பிக்கை: ஸ்கேன் எடுத்தால், அல்லது செல்போனில் கேள்விகளுக்குப் பதில் போட்டால் தெரிந்துவிடும்.

உண்மை: இதற்கு ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. செல்போனில் சுற்றும் ஐம்பது கேள்விப் பட்டியல் 2001-ல் கேம்பிரிட்ஜில் உருவானது; மருத்துவரைப் பார்ப்பது நல்லதா என்று காட்டுமே தவிர முடிவு சொல்லாது. மருத்துவர் கேட்பது சிறுவயதுக் கதையை. எப்போது பேச ஆரம்பித்தீர்கள், யாரோடு விளையாடினீர்கள், எந்தச் சத்தம் ஆகவில்லை, எதை மாற்றினால் அழுதீர்கள்? இதற்கு அம்மாவோ அத்தையோ பெரியக்காவோ உடன் வருவது பெரிய உதவி. அவர்கள் நல்ல நினைவோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: தெரிந்துவிட்டால் அரசுப் பதிவில் ஏறிவிடும், வீட்டுப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும்.

உண்மை: மருத்துவர் கண்டறிந்து சொல்வது வேறு, மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. சான்றிதழ் நீங்களே விண்ணப்பித்தால்தான் வரும். அதற்கு இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல் என்ற நாற்பது அம்சப் பட்டியல் இருக்கிறது. அரசு வேலை இடஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழில் இருக்க வேண்டும். நான்கு சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதத்தை அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவுகளோடு பங்கிட வேண்டும். ஆகவே வேலைக்காக மட்டும் போவது சரியான காரணம் ஆகாது. ஊர் வாய் பற்றிய பயம் நியாயமானதுதான். யாரிடம் சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

நம்பிக்கை: மருந்து இல்லையே, தெரிந்து என்ன லாபம்?

உண்மை: ஆட்டிசத்தை மாற்றும் மருந்து இல்லை. அதோடு ஒட்டிவரும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் சிகிச்சை உண்டு. ஆட்டிசம் தெரிந்தால் அந்தச் சிகிச்சையும் பொருத்தமாக அமையும். வேலையை, வீட்டுச் சத்தத்தை, கணவன் மனைவி பேச்சைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் வழி பிறக்கும்.

என் கருத்து இது. வாழ்க்கை சிரமமின்றி ஓடினால் போக வேண்டிய கட்டாயம் இல்லை. வேலைகள் தொடர்ந்து கைவிட்டுப் போனால், மனம் உடைந்துகொண்டே இருந்தால், உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று சொல்லும்போது உங்கள் சிறுவயதே நினைவுக்கு வந்தால், தாமதிக்காதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ கேளுங்கள். சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனமும் உண்டு. வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: இழுத்துக்கொண்டு போகாதீர்கள், போகிறவரைத் தடுக்கவும் செய்யாதீர்கள். முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இலவசம், தமிழிலேயே பேசலாம்.