சோதனைக் குழாய்க் குழந்தை: வரமா, வினாவா?

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்திலுள்ள ஓல்டாம் பொது மருத்துவமனையில் லூயிஸ் பிரௌன் என்னும் பெண் மகவு பிறந்தது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை அதுவே. குழாய்க்குள்ளேயே குழந்தை வளர்ந்தது போலும் என்று நாமும் எண்ணியதுண்டு. உண்மை அதுவன்று. தாயின் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. எனவே அவருடைய சினைமுட்டை ஒன்றை எடுத்து, கண்ணாடித் தட்டில் தந்தையின் விந்தணுவோடு சேர்த்தனர். எட்டு உயிரணுக்களாய்ப் பிளவுற்ற கருவைத் தாயின் கருப்பையில் வைத்தனர். பின்னர் வந்தவை எந்தத் தாய்க்கும் உரிய மாதங்களே.

மருத்துவர் ஸ்டெப்டோவையும் விஞ்ஞானி எட்வர்ட்ஸையும் உலகம் போற்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் அக்கருவைக் கண்காணித்த செவிலியர் ஜீன் பர்டியின் பெயரோ, ஓல்டாமில் முதலில் வைத்த நினைவுப் பலகையில் இடம்பெறவில்லை!

தோழியரே, நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொரு கணக்கு. 1969 முதல் 1978 வரை இவர்களிடம் சிகிச்சை பெற்ற பெண்கள் 282 பேர். கருப்பையில் கரு வைக்கப்பட்டது 112 முறை. கருத்தரித்தது ஐந்து முறை. உயிரோடு பிறந்த குழந்தைகள் இரண்டே. மற்ற பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினர். லூயிஸ் பிறந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு அல்லவா?

இன்று முறைகள் தேறியுள்ளன. உலகெங்கும் இலட்சக்கணக்கான இல்லங்களில் மழலைச் சொல் கேட்கிறது. ஆயினும் முதல் முயற்சியில் பலன் காணாதவர் பலர். வயது ஏற ஏற வாய்ப்பும் குறைகிறது. பல முட்டைகள் முதிர்வதற்காகப் போடும் ஊசியால் சிலருக்குச் சூலகம் வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். பல கருக்களை ஒருங்கே வைத்தால் இரட்டையர், மூவர் என உண்டாகிக் குறைமாதத்தில் பிறக்க நேரும். செலவுக்கென நகையை அடகு வைப்போரும் உண்டு.

மிஞ்சிய கருக்கள் என்னாகும்? சில உறைய வைக்கப்படுகின்றன, சில அழிக்கப்படுகின்றன. கருவுற்ற நொடி முதல் மனித உயிர் மதிக்கப்பட வேண்டும் என்பது நம் திருச்சபையின் போதனை. 1987இல் வத்திக்கான் வெளியிட்ட 'தோனும் வீத்தே' ஏடு இம்முறையை ஏற்கவில்லை. ஆயினும் இவ்வழியில் பிறந்த குழந்தையும் இறைவனின் கொடையே என்று அதே ஏடு கூறுகிறது.

பெற்றோருக்கும் ஒரு சொல். குழந்தையின்மைக்கு ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் உடற்குறையும் காரணமாகிறது. கணவருக்குச் செய்யும் முதற் பரிசோதனைக்குக் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். அதைச் செய்யாமலே மனைவியை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துச் சென்று, 'மலடி' என்று பெயரும் சூட்டும் வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன.