மெலிந்த கரமும் சுழலும் பந்தும்

உடலில் ஒரு குறை நேர்ந்தவன் அக்குறையளவே ஆற்றல் குன்றியவனா? அன்றி, அவன் ஆற்றலுக்கு எல்லை வகுப்பது குறையோடு பிறர் கருத்துமா? இவ்வினாவை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில், ஓசூருக்கு அணித்தாக அமைந்தது நம் ஆனேக்கல். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டத்துச் சிற்றூர்களில் மாலைதோறும் சிறுவர் பந்தாடக் காண்கிறோம். அவ்வாட்டத்தைத் திண்ணையில் அமர்ந்து நோக்கும் ஒரு குழந்தையையும் சில வேளைகளில் காண்கிறோம். அதன் கையோ காலோ மெலிந்திருக்கும். “நீ விழுந்துவிடுவாய், இங்கேயே இரு” என்று அன்புடையோரே அதனைத் தடுத்திருப்பர். அக்குழந்தையின் பொருட்டே இப்பாடம் எழுதப்படுகின்றது. இதற்கு எடுத்துக்காட்டுத் தேடித் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. பெங்களூருவிலேயே ஒருவர் வாழ்க்கை நமக்குக் கிடைத்துள்ளது.

1. நோயின் காரணம்

பகவத் சுப்பிரமணிய சந்திரசேகர் 1945ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் மைசூரில் பிறந்தார். ஐந்தாறு வயதுக் குழந்தையாயிருந்தபோது இளம்பிள்ளைவாதம் அவரைப் பற்றியது. காய்ச்சல் நீங்கிற்று, ஆயினும் வலக்கை மெலிந்து வலியிழந்தது.

இந்நோய் எதனால் விளைகிறது? தெய்வத்தின் சீற்றம் என்பாரும், முற்பிறப்பின் தீவினை என்பாரும் நம்மிடை உண்டு. இவை குழந்தையின் துன்பத்தோடு பழியையும் சேர்த்துச் சுமத்தும் சொற்களாம். உண்மைக் காரணம் ஒரு நுண்கிருமி. மாசுபட்ட நீராலும் உணவாலும் அது வயிற்றை அடைகிறது. சிலருக்கு அங்கிருந்து முதுகுத் தண்டை எட்டி, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. ஏவுவார் இன்றித் தசை சோர்ந்து மெலிகின்றது. தொடுவுணர்வு கெடுவதில்லை; அறிவும் கெடுவதில்லை.

சால்க் என்னும் அறிஞரின் தடுப்பூசி 1955இல்தான் வழக்கிற்கு வந்தது. சந்திரசேகரின் இளமைக்கு அது எட்டவில்லை. பிற்காலத்தில் சொட்டு மருந்து இயக்கம் நாடெங்கும் பரவியதால், 2011 சனவரிக்குப் பின் இந்தியாவில் காட்டு வகைக் கிருமியால் எவரும் இந்நோயுற்றதாகப் பதிவில்லை. 2014 மார்ச்சில் நம் நாடு இந்நோய் நீங்கிய நாடென அறிவிக்கப்பட்டது. வினையென்று வாளாவிருந்திருப்பின் இவ்வெற்றி வாய்த்திராது. காரணத்தை அறிந்தமையாலேயே அதனை நீக்கவும் இயன்றது.

2. தெருவிலிருந்து களத்திற்கு

குடும்பம் பெங்களூருவிற் குடியேறிய பின், சந்திரசேகர் தெருவில் இரப்பர்ப் பந்து கொண்டு ஆடினார். உடன் ஆடிய சிறுவர் அவரை விலக்கவில்லை. இது சிறு செய்தி போலத் தோன்றும். ஆயின் பின்னர் விளைந்த அனைத்திற்கும் இதுவே வித்து. பல்வகையாகப் பந்தெறிந்து பார்த்து, முடிவில் மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் முறையைத் தமக்குரியதாகத் தேர்ந்தார். சிட்டி கிரிக்கெட்டர்ஸ் என்னும் கழகம் அவரைச் சேர்த்துக் கொண்டது. பின்னர் மைசூர் மாநில அணியில் இடம் பெற்றார். 1964 சனவரியில், 18 வயதினராய், பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரே இந்திய அணியில் ஆடினார்.

நோயால் மெலிந்த அவ்வலக்கையாலேயே அவர் பந்து வீசினார் என்பதை நாம் கருத வேண்டும். பிற சுழற்பந்தாளர் மெல்ல நடந்து வந்து பந்தை மேலெழும்ப விடுவர். இவரோ நெடுந்தொலைவு ஓடி வந்து, சவுக்கை வீசினாற்போல் கையை வீசினார். பந்து மிக விரைந்து சென்று, தரையிற் பட்டதும் எதிர்பாராத பக்கம் திரும்பியது அல்லது சீறியெழுந்தது. மட்டை பிடித்தவர் ஆராய்ந்து முடிவு செய்யுமுன் பந்து கடந்துவிடும்.

3. ஓவல் களத்து வெற்றி

1967-68 ஆஸ்திரேலியப் பயணத்திற்குப் பின் மூன்றாண்டுகளுக்கு மேல் அவருக்கு இந்திய அணியில் இடம் கிட்டவில்லை. 1971இல் இங்கிலாந்துப் பயணத்திற்கே மீண்டும் அழைக்கப்பட்டார். அதுவரை இந்தியா இங்கிலாந்து மண்ணில் ஒரு டெஸ்ட் போட்டியேனும் வென்றதில்லை.

இலண்டன் ஓவல் களத்தில் மூன்றாம் போட்டி நிகழ்ந்தது. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து 355 ஓட்டங்களும், இந்தியா 284 ஓட்டங்களும் எடுத்தன. 71 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில் தலைவர் அஜித் வடேகர் சந்திரசேகரிடம் பந்தை அளித்தார். அவர் 38 ஓட்டங்களே கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இங்கிலாந்து 101 ஓட்டங்களில் அடங்கிற்று. லக்ஹர்ஸ்ட் தந்த பிடியைக் கைக்கொண்டவர் சென்னையின் வெங்கட்ராகவன். ஆகஸ்டு 24ஆம் நாள் இந்தியா 4 விக்கெட்டுகள் எஞ்சியிருக்க வென்று, தொடரையும் கைப்பற்றியது.

1972-73இல் இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது, ஐந்து போட்டிகளில் அவர் 35 விக்கெட்டுகள் எடுத்தார். அரை நூற்றாண்டு கழிந்தும் ஒரு தொடரில் அதனைக் கடந்த இந்தியர் இலர். 1977-78இல் மெல்போர்ன் நகரில் இரு ஆட்டங்களிலும் 52 ஓட்டங்களுக்கு ஆறாறு விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அதுவே. 1979 வரை 58 போட்டிகளில் அவர் எடுத்தவை 242 விக்கெட்டுகள்.

4. இரு தவறான கருத்துகள்

இவ்வரலாற்றைக் கேட்போர் இரு பிழையான முடிவுகளுக்கு வரக்கூடும்.

முதலாவது: “குறையே அவருக்கு வரமாயிற்று” என்பது. அன்று. மெலிந்த கரம் சவுக்குப் போல் வளைந்தது உண்மையாகலாம். ஆயின் அதே நோயால் கை மெலிந்த பல்லாயிரவர் விக்கெட் எடுத்தாரில்லை. குறை அவரை விட்டு நீங்கவுமில்லை. களத்தில் பந்தைத் திருப்பி எறிய அவர் இடக்கையையே பயன்படுத்தினார். மட்டை பிடித்து 58 போட்டிகளிலும் சேர்த்தவை 167 ஓட்டங்களே. எடுத்த விக்கெட்டுகளினும் அவை குறைவு. நோய் வரமன்று. நோயுற்ற கைக்கு ஏற்ற தொழிலைக் கண்டு, அதில் ஆண்டுக்கணக்காகப் பயின்றதே சிறப்பு.

இரண்டாவது: “மனவுறுதி இருந்தால் எவரும் இவ்வாறு ஆகலாம், ஆகாதவர் முயலாதவர்” என்பது. இதுவும் தவறு. மனவுறுதியோடு இடமும் வேண்டும். தெருச் சிறுவரும் கழகமும் தலைவரும் பந்தை அவர் கையிற் கொடுத்தனர். கொடாதிருப்பின் உறுதி மட்டும் என் செய்யும்?

சேலம் மாவட்டப் பெரியவடகம்பட்டியிற் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவின் வாழ்வும் இதனையே மெய்ப்பிக்கின்றது. ஐந்து வயதில் பேருந்து ஏறி அவர் வலக்கால் முழங்காலுக்குக் கீழ்ச் சிதைந்தது. தாயார் காய்கறி விற்றுக் காத்தார். பள்ளி ஆசிரியர் ஊக்கினார். பெங்களூருவின் பயிற்சியாளர் சத்தியநாராயணா பயிற்றினார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். ஒத்த குறையுடையோர் தம்முள் போட்டியிடும் களம் அது. சந்திரசேகர் ஆடியதோ எல்லார்க்கும் பொதுவான களம். இரண்டும் நேரிய வாயில்களே. எவர்க்கு எது பொருந்துமோ அது திறந்திருத்தல் வேண்டும்.

5. நம் கடமை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சட்டம் வரையறுத்த அளவு குறையுடைய குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. அரசுப் பணியிடங்களில் நூற்றுக்கு 4 ஒதுக்கப்பட்டுள்ளது. ஆயினும் பள்ளிக்குள் நுழைந்த குழந்தையை விளையாட்டு வேளையில் வகுப்பறையிலேயே அமர்த்திவிட்டால், சட்டம் ஏட்டளவில் நிற்கும்.

ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கது எளிது. குழந்தையை முதலில் களத்தில் இறக்குக. அதனால் இயலாதது எதுவென்று நாம் தீர்ப்புக் கூறாது, இயல்வது எதுவென்று அதுவே கண்டறியக் காலம் கொடுக்க. வெல்லாவிடினும் குற்றமில்லை, ஆடும் மகிழ்ச்சி அதற்கும் உரியது. பரிவு காட்டித் திண்ணையில் அமர்த்துவதினும், பந்தை நீட்டி “வீசு” என்பதே மெய்யான அன்பாகும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. இளம்பிள்ளைவாதத்தின் உண்மைக் காரணம் யாது? அதனை அறிந்தமையால் விளைந்த நன்மை என்ன?

2. “குறையே வரம்” என்னும் கூற்றை மறுக்கும் செய்திகள் எவை?

3. நும் ஊரில் ஆட்டத்தை நோக்கி மட்டுமே இருக்கும் குழந்தை எவரேனும் உளரா? அக்குழந்தை களத்தில் இறங்குதற்கு நீவிர் செய்யக்கூடியது யாது?