பாலைவனப் போரில் ரோமெல் தோற்றது ஏன்?

இரண்டாவது உலக யுத்தத்தில் எதிரிகளும் மெச்சிய சேனாதிபதி என்றால் ஜெர்மானியத் தளபதி எர்வின் ரோமெலைத்தான் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் பிரதம மந்திரி சர்ச்சில் 1942 ஜனவரியில் பாராளுமன்றத்திலேயே அவரைப் பெரிய தளபதி என்று புகழ்ந்தார். ‘பாலைவன நரி’ என்ற பட்டமும் அவருக்கு நிலைத்துவிட்டது. அப்படிப்பட்டவர் அதே ஆண்டின் இறுதியில் மிஸ்ர் நாட்டின் அல் அலமைன் என்னுமிடத்தில் தோற்று, வந்த வழியெல்லாம் திரும்பி ஓட நேர்ந்தது ஏன்? போர்க்கலை வல்லுநர்கள் இதைப் பற்றிப் பற்பல நூல்கள் எழுதியிருக்கின்றனர். ஆனால் இதை விளங்கிக்கொள்ள ராணுவக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. கப்பலில் சரக்கு வரவழைத்துக் கடை நடத்துகிறவர்களுக்கு எளிதில் விளங்கும் விஷயம்தான் இது.

முதலில் நிலப்படத்தை மனத்தில் கொள்வோம். லிபியாவின் பெரிய துறைமுகம் திரிப்போலி. 1941 பிப்ரவரி 12ஆம் தேதி ரோமெல் வந்திறங்கியது அங்கேதான். அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 650 மைலில் பெங்காசி, அதற்கும் அப்பால் தொப்ருக். தொப்ருக்கிலிருந்து அல் அலமைன் இன்னும் 300 மைலுக்கு மேல். இந்த நெடுந்தூரம் முழுவதற்கும் கடலோரமாகச் செல்லும் சாலை ஒன்றே கதி. திரிப்போலியிலிருந்து போர்முனைக்குச் சரக்கேற்றிச் செல்ல ரயில் கிடையாது. குண்டு முதல் குடிதண்ணீர் வரை யாவும் லாரியில்தான் போயாக வேண்டும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். திரிப்போலியில் பெட்ரோல் ஏற்றிக்கொண்டு புறப்படும் லாரி, போவதற்கும் வருவதற்கும் அதே பெட்ரோலைத்தான் குடிக்கும். வட ஆப்பிரிக்காவில் இறங்கிய பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இப்படி வழியிலேயே தீர்ந்தது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். மணலும் வெப்பமும் எஞ்சின்களைத் தின்றன. லாரிகளில் மூன்றில் ஒன்று எப்போதும் பழுதுபார்க்கும் பட்டறையில் கிடந்தது. ரோமெல் முன்னேற முன்னேற இந்தச் செலவும் ஏறியது. வெற்றி பெற்ற ஒவ்வொரு மைலும் அவரைத் தம் கிடங்கிலிருந்து தூரமாக்கியது.

இத்தாலியர் சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. அதனால்தான் தோற்றோம் என்று ஜெர்மானியர் பலர் பின்னர் பழி கூறினர். இது நியாயமான பேச்சன்று. லிபியாவுக்கு அனுப்பிய சரக்கில், போர்க்காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கரை சேர்ந்தது. கரை சேர்ந்தது, கடைக்கு வரவில்லை, அதுதான் வித்தியாசம். தொப்ருக் துறைமுகத்தில் நாளொன்றுக்கு 1,500 டன் இறக்கலாம் என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஆகாய விமானங்களின் குண்டுவீச்சுக்கு நடுவே 600 டன் இறங்கினாலே பெரிய காரியம். தொங்காங்கில் சரக்கு இறக்கிப் பழகியவர்களுக்கு இந்த இரண்டு எண்களின் தூரம் நன்கு புரியும்.

பிரிட்டிஷாரின் நிலையோ வேறு. அவர்களுடைய கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி சுமார் 12,000 மைல் கடந்து சூயஸுக்கு வரவேண்டியிருந்தது. மாதக்கணக்கில் தாமதம்தான். ஆனாலும் சூயஸில் இறங்கிய சரக்கு ரயிலேறிப் போர்முனையின் வாசலிலேயே வந்து இறங்கியது. அல் அலமைனுக்கும் அலெக்ஸாந்திரியாவுக்கும் இடையே 65 மைல்தான்.

இங்கே நம் பகுதியைத் தொடும் ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் குதித்தபோது, மத்திய கிழக்கை நோக்கிக் கடலில் வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் 18ஆவது டிவிஷன் சிங்கப்பூருக்குத் திருப்பிவிடப்பட்டது. அந்தச் சேனை இங்கு வந்திறங்கி, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டது. இப்படிப் படைகள் கிழக்கே திருப்பப்பட்டதால் பாலைவனத்தில் பிரிட்டிஷார் மெலிந்திருந்த வேளையில்தான் ரோமெல் 1942 ஜனவரியில் திரும்பப் பாய்ந்தார். அவருடைய புகழில் ஒரு பகுதிக்கு நம் கரையில் நேர்ந்த துயரமும் காரணமாயிற்று.

அவ்வாண்டு ஜூன் 21ஆம் தேதி தொப்ருக் அவர் வசமாயிற்று. சுமார் 33,000 பேர் கைதிகள். இரண்டாயிரம் வாகனங்கள், 5,000 டன் உணவு, 1,400 டன் பெட்ரோல் கிடைத்தன. ஹிட்லர் அவரை ஃபீல்டு மார்ஷலாக உயர்த்தினார். என் மட்டில், ரோமெல் தோற்ற நாள் இதுவே என்பேன்.

ஏனெனில் தொப்ருக் விழுந்ததும் சேனையை நிறுத்திவிட்டு, முதலில் மால்டா தீவைப் பிடிப்பதென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். இத்தாலிக்கும் லிபியாவுக்கும் நடுவே அமர்ந்து கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த தீவு அது. ரோமெல் கையில் கிடைத்த சரக்கைப் பார்த்தார். மிஸ்ரின் தலைநகர் வரை போய்விடலாம் என்று ஹிட்லரிடம் நேரே மன்றாடினார். கெஸ்ஸல்ரிங் என்ற விமானப்படைத் தளபதி, விமானத் தளங்களும் சரக்கு வழியும் பின்தங்கிவிட்டனவே என்று எச்சரித்தும் எடுபடவில்லை. முசோலினி கெய்ரோவுக்குள் வெற்றி பவனி வரும் ஆசையில் விமானமேறி லிபியாவுக்கே வந்துவிட்டார். ஒரு முறை கிடைத்த கொள்ளைச் சரக்கை மாதா மாதம் வரும் வரவாக நினைத்துப் போட்ட கணக்கு அது.

ஜூலை 1ஆம் தேதி அல் அலமைனை அடைந்தபோது ஓடக்கூடிய ஜெர்மானிய டாங்கிகள் சுமார் 55 மட்டுமே. அந்த இடமும் அவருக்கு வாய்க்காத இடம். வடக்கே கடல், தெற்கே டாங்கி இறங்க முடியாத கத்தாரா பள்ளம், நடுவே 40 மைல். அவருக்குக் கைவந்த சுற்றிவளைப்பு அங்கு செல்லாது. ஜெனரல் ஆக்கின்லெக் அவரை அங்கேயே தடுத்து நிறுத்தினார். (தடுத்தவருக்கு வேலை போயிற்று, பின்னர் வந்த மாண்ட்கோமரிக்குப் பெயர் வந்தது. உலக வழக்கம்!) ஆகஸ்டு 30 இரவு அலம் ஹல்ஃபா மேட்டைச் சுற்றி ரோமெல் மறுபடி முயன்றார். வருவதாக வாக்களித்த எண்ணெய்க் கப்பல்களில் பல மூழ்கின. சில நாட்களில் அவர் பின்வாங்கினார்.

கப்பல்கள் இவ்வளவு குறிபார்த்து மூழ்கியது எப்படி? 1974 வரை பொதுமக்கள் அறியாத இரகசியம் இது. ஜெர்மானிய, இத்தாலியச் சங்கேதத் தந்திகளைப் பிரிட்டிஷார் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தனர். எந்தக் கப்பலில் என்ன சரக்கு, எந்த நாளில் எந்தத் துறைமுகம் என்பது முன்கூட்டியே தெரிந்தது. சந்தேகம் எழாதிருக்க முதலில் ஒரு வேவு விமானத்தை அனுப்பிக் கப்பலின் கண்ணில் படும்படி பறக்கவிட்டு, அதன் பிறகே தாக்கினார்கள். போட்டிக்காரர் நம் பேரேட்டைத் தினமும் படிப்பதற்கு ஒப்பானது இது.

இன்னொன்று. பெட்ரோல் கொண்டுசெல்ல ஜெர்மானியர் வைத்திருந்த இரும்புக் கேன் மிக நேர்த்தியானது. பிரிட்டிஷாரின் சதுரத் தகர டின்களோ ஓட்டை உடைசல். லாரியில் ஏற்றி இறக்குவதற்குள் ஏராளமான எண்ணெய் மணலுக்குப் போகும். பிரிட்டிஷார் எதிரியின் கேனைக் கண்டபோதெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டார்கள், பிறகு அதையே பார்த்துச் செய்தார்கள். நல்ல பாத்திரம் ரோமெலிடம், எண்ணெய் எதிரியிடம்!

அக்டோபர் 23 இரவு நிலவொளியில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட பீரங்கிகள் ஒருங்கே முழங்கின. மாண்ட்கோமரியிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட டாங்கிகள். அவற்றில் அமெரிக்கா அனுப்பிய புதிய ஷெர்மன்களும் அடங்கும். எதிரே அதில் ஏறக்குறைய பாதி, அதிலும் பெரும்பகுதி இத்தாலியரின் பழைய டாங்கிகள். ரோமெல் நோயாளியாக ஐரோப்பா போயிருந்தார். அவருக்குப் பதிலாக இருந்த ஜெனரல் ஷ்டும்மெ மறுநாளே போர்முனையில் மாரடைப்பால் இறந்தார். 25ஆம் தேதி மாலை ரோமெல் அவசரமாகத் திரும்பியபோது, மூன்று நாளைக்கே பெட்ரோல் இருந்தது. 26ஆம் தேதி புரோசர்பினா, தெர்ஜெஸ்தெயா என்ற கப்பல்கள் தொப்ருக்கை நெருங்கும்போது மூழ்கின. 28இல் லூயிசியானோவும் போயிற்று. தெற்கே நின்ற டாங்கிப் படையை வடக்கே அழைத்தபோது, தவறினால் திரும்பிப் போகப் பெட்ரோல் இல்லையென்று அறிந்தேதான் அழைத்தார்.

மாண்ட்கோமரியின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கண்ணிவெடி வயல்களைப் பொறுமையுடன் பிளந்து, பன்னிரண்டு நாள் அரைத்தே வென்றார். நவம்பர் 3இல் ரோமெல் பின்வாங்கத் தொடங்கியபோது, ஓரடியும் நகரக்கூடாதென்று ஹிட்லரின் உத்தரவு வந்தது. அதில் ஒரு நாள் வீணாயிற்று. மறுநாள் இத்தாலியரின் அரியெத்தே டாங்கிப் படை கடைசி வரை நின்று அழிந்தது. லாரி கிடைத்தவர்கள் தப்பினார்கள். நடந்து செல்லும் இத்தாலியப் படைகள் பல, லாரியும் தண்ணீருமின்றிப் பாலையிலேயே விடப்பட்டுச் சரணடைந்தன.

இரு தரப்பும் புதைத்த இலட்சக்கணக்கான வெடிகள் பின்னரும் அம்மண்ணில் தங்கி, யுத்தத்தில் எந்தப் பங்கும் இல்லாத அரபு நாடோடிகளின் உயிரையும் காலையும் கொண்டுபோயின.

1943 ஜனவரி 23இல் திரிப்போலி பிரிட்டிஷார் வசமாயிற்று. போகும்போது ஜெர்மானியர் கப்பல்களை மூழ்கடித்துத் துறைமுக வாயிலை அடைத்திருந்தனர். மாண்ட்கோமரி உடனே துனிசியாவுக்குள் பாயவில்லை. முதலில் துறைமுகத்தைத் துப்புரவு செய்யச் சொன்னார். பிப்ரவரி முதல் வாரத்திலேயே சரக்குக் கப்பல்கள் உள்ளே வரத் தொடங்கின.