வேரைக் காக்கும் கோற்கிருமி

மண்ணிலுள்ள கிருமிகள் யாவும் நோய் விளைப்பன என்று குடியானவர் சிலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. பயிருக்குத் துணையாகும் கிருமிகளும் பல உள. அவற்றுள் ஒன்று பாசில்லஸ் சப்டிலிஸ் என்பது. இப்பெயரை 1872-இல் இட்டவர் பெர்டினாண்டு கோன் என்னும் ஜெர்மானிய சாஸ்திரியார்.

இக்கிருமி சிறு கோல் போன்றது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் சில நூறு கிருமிகளை வரிசையாக அடக்கலாம். இவ்வடிவத்தைக் காப்பது அதன் புறச்சுவரே. சுவரைக் கரைத்துவிடின் கிருமி உருண்டையாகிவிடும். பக்கச் சுவரில் புதுப்பொருள் சேரச் சேர, பருமன் மாறாது நீளம் பெருகும். பின்னர் நடுவில் குறுக்குச் சுவர் எழுந்து, ஒன்று இரண்டாகப் பிரியும்.

உணவு குன்றுங்கால், கிருமி தன்னுள் தடித்த உறையுள்ள வித்தொன்றை ஆக்குகிறது. இவ்வித்து வறட்சியைத் தாங்கும். கொதிநீரிலும் பிழைக்கும் என்பதைக் கோன் 1876-இல் விளக்கினார். உணவு கிட்டியதும் வித்து முளைத்து மீண்டும் கோலாகும்.

வேரில் கசியும் சத்தை உண்டு இக்கிருமி வேர்மீது படலமாகப் படிகிறது. இது சுரக்கும் இட்டுரின், பெஞ்சைசின் முதலிய பொருள்கள் வேரழுகல் பூசணங்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன.

ஆதலின், பூசணம் பற்றுமுன் கிருமி வேரில் இடம் பெறவேண்டும். கிருமித் தூளை விதைப்பதற்கு முன்பே விதையில் கலத்தல் நன்று. நோய் முற்றியபின் இட்டுப் பயனில்லை. மக்கிய எருவும் இன்றியமையாதது. பசித்த மண்ணில் கிருமி வித்தாய் உறங்குமேயன்றி வேரைக் காவாது என்பதைச் சங்க அங்கத்தினர் மறவாதிருத்தல் வேண்டும்.